உப்பு போடாத சொட்டு

செய்முறைத் தேர்வு நாட்களில் கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்தை முதலில் திறப்பவள் வெங்காய அக்காதான். இருபத்திரண்டு வருடமாக வெங்காயத் தோல் உரித்து மாணவர்களுக்கு ஸ்லைடு போட்டுக் கொடுப்பவளுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? பெயர் வைத்த பயல்களுக்கே இப்போது தலையில் வழுக்கை விழுந்துவிட்டது.

தாவரச் செல்லுக்கு வெங்காயம், விலங்குச் செல்லுக்கு அவளுடைய ரத்தம். மாணவர்களின் விரலைக் குத்தக் கூடாது என்று உத்தரவு வந்ததிலிருந்து தன் விரலைத்தான் குத்திக்கொள்கிறாள். வெங்காயச் செல்லுக்குச் சுவர் உண்டு. வெறும் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ரத்தச் செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். அளவாக உப்புக் கலந்த நீரில் வட்ட வட்டமாக மிதக்கும், வெறும் நீரில் உப்பி வெடித்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவாள்.

அன்று காலை வீட்டில் தங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தன் புருஷன் போனபின் அக்காவிடம் வந்து ஒன்பது வருடம் கூடவே இருந்தவள், இப்போது ஒரேயடியாக மகன் வீட்டுக்குப் போகிறாள். பத்து மணிக்குப் பேருந்து. போகாதே என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. பெற்ற பிள்ளையிடம் போகிறவளை மறிக்க நாம் யார் என்று விழுங்கிக்கொண்டாள். இனி ஒரு பால் பாக்கெட் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். அப்படி ஒரு வீம்பு.

பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். வெங்காயம் வரிசை கலையாமல் இருக்கிறது, ரத்தத்தில் ஒன்றையும் காணோமே என்றார். அவளும் பார்த்தாள். வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. சொட்டு நீரில் உப்பு போட மறந்திருந்தாள், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகை முந்திக்கொண்டது. அடுத்த விரலைக் குத்திப் புது ஸ்லைடு போட்டு வைத்தாள். பிறகு தாழ்வாரத்துக்கு ஓடித் தங்கைக்குப் போன் செய்தாள். மணி பத்தேகால்.

"போகாதடி. நீ இல்லாம என்னால முடியாது."

பின்னால் ஓடும் பேருந்தின் இரைச்சல் கேட்டது.

"இத நேத்து சொல்லியிருந்தா நான் பெட்டியே கட்டியிருக்க மாட்டேன்க்கா," என்றாள் தங்கை. "பையன் லீவு போட்டுட்டு எனக்காக நிக்கிறான்."

அக்கா சரி என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பதில் வருமுன் லைன் அறுந்துபோனது.