இடது கையில் போட்ட ஊசி

1. ஆற்றுக்கு அக்கரையில் வாந்திபேதி வந்தது.
2. இக்கரைக்காரர்கள் பாலத்தின் குறுக்கே மூங்கில் கட்டி வழியை அடைத்தார்கள்.
3. இக்கரையில் ஒரு வீட்டு நாற்றுக்கு முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.
4. அந்த வீட்டு வயலில் வருஷா வருஷம் நடவு நடும் பெண்கள் பதினாலு பேரும் அக்கரை.
5. பதினாலு பேருக்கும் நான் ஊசி போட்டேன். எல்லோருக்கும் இடது கையில்.
6. ஐந்தாவதில் ஒரு தப்பு இருக்கிறது.

ஹெல்த் விசிட்டர் பயிற்சி முடித்து உத்தமபாளையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். என் பெட்டியை மட்டும் இறக்காமல் உள்ளேயே வைத்திருக்க கண்டக்டர் அனுமதிப்பார். பெட்டியில் சிரிஞ்சு, ஊசிகள், ஸ்பிரிட் அடுப்பு, பஞ்சு, அயோடின், கிணற்றில் போட பர்மாங்கனேட். மூடியின் உள்பக்கம் இந்தப் பட்டியலை ஒட்டி வைத்திருந்தேன்.

அந்த நாற்றுக்குச் சொந்தக்காரி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். அவளே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து என்னை வயலுக்குக் கூட்டிப் போனாள்.

"முப்பத்தஞ்சு நாளத் தாண்டுனா நாத்து கணு விட்டிரும் தாயி. அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. மறுபடி நாத்து விட விதைநெல்லும் இல்ல. அந்தப் பதினாலு பேரு வரலைன்னா எங்களுக்கு இந்த வருஷம் வெள்ளாமையே இல்லன்னு வச்சுக்க."

இக்கரையில் வேறு ஆள் கிடைக்காதா என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் அதே வாரம் நடவு. இருக்கிற ஆட்கள் அவரவர் வயலில் இருந்தார்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் போனோம். ஊசி போட்டதாக நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இருந்தால் பாலம் தாண்டலாம் என்றார்கள். ஊசி உடம்பில் பிடிக்க ஒரு வாரமாவது ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் சீட்டு என்றார்கள். ஆகவே ஊசி அவர்களுடைய நிபந்தனை. என் நிபந்தனைகள் வேறு: நோய் கண்ட வீட்டிலிருந்து யாரும் வரக் கூடாது, வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கொதிக்க வைத்த தண்ணீர்தான், ஒதுங்குவதற்கு வாய்க்காலை விட்டுத் தள்ளி ஒரு குழி, சோற்றில் கை வைக்கும் முன் சோப்பு. வெறும் வெந்நீரை யாரும் குடிக்க மாட்டார்கள் என்று அக்கா அதில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டாள். அது என் யோசனை அல்ல.

அன்றைக்கே அக்கரைக்குப் போனேன். முதலில் கிணற்றில் பர்மாங்கனேட் கரைத்தேன். தண்ணீர் ரோஜா நிறமானது. நடவுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கெணறு வயசுக்கு வந்திருச்சுடி. தாய்மாமன் யாரு, சீர் கொண்டாரச் சொல்லுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரித்த சூட்டிலேயே வரிசையில் உட்கார்ந்து கை நீட்டினார்கள். வலது கையால் வேலை செய்கிறவர்களுக்கு இடது கையில் போடு என்பது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. போட்டேன். பதினாலு சீட்டும் எழுதினேன்.

மறுநாள் விடியும்போதே ஆண்கள் ஆறு பேர் நாற்றைப் பறித்துக் கைப்பிடிக் கட்டுகளாக முடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர், அவருடைய தம்பிகள் இருவர், பக்கத்து வயல்காரர்கள் மூவர். பெண்கள் வந்தார்கள், சீட்டைக் காட்டினார்கள், பாலம் தாண்டினார்கள், குலவை போட்டு வயலில் இறங்கினார்கள். வரப்பில் நின்று நான் வெந்நீர்ப் பானைக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வரிசை நட்டதும் ஒருத்தி நிமிர்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் நிமிர்ந்தார்கள். இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களைக் கூட்டி வந்த மூத்த அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். "ஏத்தா, நீ நடவு நட்டிருக்கியா?"

"இல்லம்மா."

"அதான். வலது கைக்கு என்ன வேல? மூணு நாத்த உருவிச் சேத்துல குத்திட்டுப் போயிரும். முடியப் பூராப் பிடிச்சுக்கிட்டு நாளெல்லாம் மடங்கி நிக்கிறது இடது கைதான். நீ தேடிப் பாத்து அதுலயே குத்திப்புட்ட."

அருகில் போய்ப் பார்த்தேன். எல்லோர் கையும் வீங்கியிருந்தது. இரண்டு பேருக்கு லேசான காய்ச்சல். ஈர முடி நல்ல கனம். அதைத் தாங்க முடியவில்லை.

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பறித்த நாற்று பாதிக்கு மேல் வாய்க்காலில் கிடந்தது. வேர் தண்ணீரில் இருந்தால் மறுநாள் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. வீக்கம் வடிய இரண்டு நாளாவது வேண்டும்.

"தப்பு என்னுடையது அக்கா" என்றேன்.

"அது கெடக்கட்டும். முடியப் பிடிக்கக் கைதான இல்ல?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, வரப்பில் நின்ற ஆண்களைப் பார்த்தாள். "இங்கன பன்னெண்டு கை சும்மா நிக்குதே."

ஆண்கள் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் நடவு நடக்கும் வயலுக்குள் ஆண் கால் வைத்தால் பெண்கள் வளைத்துக்கொள்வார்கள். சுற்றி நின்று குலவை போட்டு, அவன் அப்பன் பேர் பாட்டன் பேர் எல்லாம் சொல்லிக் கேலி செய்து, வெற்றிலை பாக்கு வாங்காமல் விட மாட்டார்கள். அதனால் முடியை வரப்பிலிருந்தே வீசிவிட்டு ஒதுங்கிப் போவதுதான் ஆண்களின் வழக்கம்.

"அவக வளைச்சுப்புடுவாக" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். வேறு எதற்கும் பயந்து நான் அவரைப் பார்த்ததில்லை.

"இன்னிக்கு வளைக்கல. டாக்டரம்மா மேல சத்தியம்" என்றாள் மூத்த அம்மாள். நான் டாக்டர் இல்லை என்று அதற்கு முன் நான்கு தடவை சொல்லியிருந்தேன்.

இரண்டு பேருக்கு ஒரு ஆள் முடி பிடிப்பது என்று கணக்குப் போட்டோம். பதினாலு பேருக்கு ஏழு ஆள் வேண்டும், இருந்தது ஆறு. ஏழாவதாக நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு முழங்கால் வரை வந்தது. நாற்றைப் பிரித்து இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும், அவர்கள் பின்னால் நகரும்போது கூடவே நகர வேண்டும், நட்டதை மிதிக்கக் கூடாது. நான் மிதித்தேன். தம்பிமாரில் இளையவர் என்னைவிட அதிகம் மிதித்தார்.

"ஏலே, நாத்த நீட்டச் சொன்னா பொண்ணுக்குத் தாலி நீட்டுற மாதிரி நடுங்குற" என்று ஒரு குரல் வந்தது. அவர் வெட்கப்பட்டு முடியைக் கீழே போட்டார். வேறொருத்தி, "பொம்பளைக படுற பாடு இப்பத் தெரியுதாடா?" என்றாள். "தெரியுது ஆத்தா, இடுப்பு தெரியுது" என்று பக்கத்து வயல்காரர் ஒருவர் பதில் சொன்னார்.

வழக்கத்தைவிட மெதுவாகத்தான் நடந்தது. அன்று இருட்டும் முன் முக்கால் பங்கு. மறுநாள் மத்தியானம் மிச்சமும் முடிந்தது. முப்பத்துநாலாம் நாள். கடைசி முடி தீர்ந்ததும் பெண்கள் அக்காவின் வீட்டுக்காரரை வளைத்துக்கொண்டார்கள். நேற்று செய்த சத்தியம் நேற்றோடு போயிற்றாம். அவர் மடியில் வெற்றிலையைத் தயாராக வைத்திருந்தார்.

அந்தப் பதினாலு பேரிலோ அந்த வீட்டிலோ யாருக்கும் நோய் வரவில்லை. அது வெந்நீராலா, எங்கள் அதிர்ஷ்டத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் போகம் விளைந்து நெல் வீட்டுக்கு வந்தது. நாங்கள் மிதித்த இடங்களில் பயிர் அடர்த்தியில்லாமல் கலப்பாக இருந்தது, அவ்வளவுதான் குறை. இப்போது நாற்று விட்ட பத்தாம் நாள் அக்கா எனக்குச் சொல்லி அனுப்புகிறாள். நான் அக்கரைக்குப் போய் ஊசி போடுகிறேன். நடவு வருவதற்குள் வலியும் போய்விடுகிறது, ஊசியும் பிடித்துவிடுகிறது. போன வருஷமும் அக்கரையில் வாந்திபேதி வந்தது. பாலத்தை யாரும் அடைக்கவில்லை, நடவு முப்பதாம் நாளே முடிந்தது.