மகளின் மேக்கப்பும் என் இடது கையும்

என் கையெழுத்து கோட்டில் நிற்காது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பேனையை விட உப்பு இழுக்கும் பலகையைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகளின் நிக்காஹ்வுக்கு மூன்று கிழமை இருந்தது. அதற்கு முந்திய மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு ஏதோ ஒரு கிரீம் பூசிக்கொண்டு போனவள், கன்னம் சிவந்து, கண் இமை வீங்கி வீடு வந்தாள். மூன்று நாள் அறையை விட்டு வரவில்லை. டிஸ்பென்சரி டொக்டர் அந்த டப்பாவின் பின்னால் இருந்த பொடி எழுத்துகளை வாசித்துப் பார்த்தார். வாசனைக்குச் சேர்க்கும் சாமான் சிலருடைய தோலுக்கு ஒத்துவராது என்றார். இனி எதைப் பூசுவதானாலும் முதலில் கையில் கொஞ்சம் பூசிச் சில நாள் பார்க்கச் சொன்னார்.

"கலியாணத்தண்டு இப்பிடி வீங்கினா நான் அறைய விட்டு வரவே மாட்டன்" என்று மகள் அழுதாள்.

அவளுக்கு என் தோல். நானும் ஒரு காலம் தாடிக்குக் கறுப்புச் சாயம் பூசி நாடி வீங்கிக் கிடந்தவன். அதனால் ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மகள் மூன்று மேக்கப் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாப்பா, உங்கட கைய ஒருக்காத் தாங்களேன். உங்களுக்குக் கடிச்சு வீங்காட்டி எனக்கும் கடிக்காது. என்ட கையில போட்டு, அதுவும் வீங்கிட்டா மருதோண்டி எங்க போடுற?"

கூட்டத்தில் பேசவே கூச்சப்படுகிற ஆள் நான். ஆனாலும் கையை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே சிவப்பு, மண்ணிறம், ரோஸ் என்று மூன்று பூச்சு. பச்சை இலைப் படம் போட்ட மண்ணிறக் கிரீமில் அவளுக்குப் பெரிய ஆசை. எல்லாம் இயற்கையாம்.

உப்பளத்துக்கு முழுக்கைச் சேட்டோடு போனேன். அந்த வெயிலில் பாத்திக்குள் முழுக்கை போடுகிறவன் யாருமில்லை. கூட வேலை செய்யும் மச்சான் கையைப் பிடித்து இழுத்து மடித்தே பார்த்துவிட்டான்.

"மச்சான், மாப்பிள்ள வாறது மகளுக்கா, ஒனக்கா?"

"மகளுக்குத்தான். நான் சும்மா போட்டுப் பாக்கிறன்."

"அந்த ரோஸ் ஒனக்கு எடுப்பா இருக்கி."

இப்படியே நாலு நாள் காலையில் பூசினாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மகள் கேட்பாள், "வாப்பா, கடிச்சதா?" என்று. இல்லை என்பேன். அது பொய்யில்லை. கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மகளின் முகத்தில் சிரிப்பு வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. என் மூத்த நானா மக்காவுக்கு உம்ராப் போய்க் கொண்டுவந்த, கண்ணுக்குப் போடும் சுர்மாவை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய காலத்துச் சாமான், ஒன்றும் செய்யாது என்றேன். அவள் அதையும் டொக்டரிடம் காட்டினாள். சில சுர்மாவில் ஈயம் இருக்கும், இதில் என்ன இருக்கிறது என்று எழுதவும் இல்லை, கண்ணுக்குப் போடவேண்டாம் என்றாராம். பெருநாளுக்குப் பெருநாள் நான் அதைப் போட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. வேலை இல்லை. பகல் ஜும்ஆத் தொழுகைக்கு முன் பைப்படியில் நின்று வுழூ எடுத்துக்கொண்டிருந்தேன். தொழுகைக்கு முன் கையை முழங்கை வரை கழுவ வேண்டும். தோலில் தண்ணீர் பட வேண்டும். அதனால் சவர்க்காரம் போட்டு அந்தப் பூச்சையெல்லாம் உரஞ்சிக்கொண்டிருந்தேன். மனைவி வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன செய்றீங்க?"

"வுழூ."

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானா?"

"ஓம். இது இருந்தா வுழூ கூடாதே."

"அப்ப காலையில போட்டதப் பகலைக்கே கழுவிட்டு, பின்னேரம் கடிக்கல்ல எண்டு சொல்லியிருக்கீங்க. கழுவின கையில என்னத்தப் பாக்கிற?"

நான் யோசிக்கவே இல்லை. எப்போது கழுவினேன் என்று யாரும் கேட்கவுமில்லை. மகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கலியாணத்துக்கு இனி இரண்டு கிழமைதான்.

அன்றைக்கே என் சேட்டைக் கழற்றச் சொல்லி, முழங்கைக்கு மேலே, வுழூத் தண்ணீர் படாத இடத்தில் மூன்றையும் பூசினாள். நான் குளித்துவிட்டு வந்தால் திரும்பவும் பூசுவாள். நாலாம் நாள் பச்சை இலைக் கிரீம் பூசிய இடம் சிவந்து தடித்தது. மற்ற இரண்டும் பேசாமல் இருந்தன. அந்த இலைக் கிரீமில் நாலைந்து பூ எண்ணெய் இருக்கிறது, பூ என்றாலும் சிலருக்குக் கடிக்கும் என்று டொக்டர் சொன்னார். ஆசைப்பட்ட டப்பாவோடு மற்ற இரண்டையும் மகள் பயத்தில் மூடி வைத்தாள்.

பிறகு அவர் சொன்னபடி வாசனை இல்லாத ஒரு கிரீம் வாங்கினோம். உதட்டுக்குக் கற்பிட்டி பீட்ரூட்டின் சாறு, அதன்மேல் கொஞ்சம் தேங்காயெண்ணெய். அவையும் முதலில் என் கையில், பிறகு அவளுடைய கையில். ஒன்றும் செய்யவில்லை.

நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைக் கட்டித் தருகிறேன் என்று நான்தான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதை நினைத்து ஒரு மாதமாகப் பயந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, இன்னும் ஆறாத இடது புயம் கடிக்கத் தொடங்கியது. சொறிய வலது கை வேண்டும். அது மாப்பிள்ளையின் கைக்குள். திக்காமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

"ஒனக்கு இவ்வளவு நல்லாக் கதைக்க ஏலுமா மச்சான்?" என்றான் உப்பளத்து மச்சான். நான் சொறிந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கதிரையில் இருந்தாள். முகம் அவளுடைய முகமாகவே இருந்தது. உதடு மட்டும் சிவப்பு. இரவு வரை ஒரு தடிப்பும் இல்லை.

நேற்று மகள் வந்தாள். மருமகனின் தங்கச்சிக்குக் கலியாணமாம், வாப்பாவின் கை கிடைக்குமா என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். என் தோல் என் மகளுக்குத்தான் ஓரளவாவது சரிவரும்; அந்தப் பிள்ளை தன்னுடைய கையில்தான் பார்க்க வேண்டும். அதுவும் முழங்கைக்கு மேலே. நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் கொப்பியை எடுத்து எழுதி வைத்தேன்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.