தெமோதரைக் கானில் ரோமக் காசு

முதல் அடி பானைக்குத்தான் விழுந்தது. தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் வடிவதற்கு வெட்டுகிற கானில் மாமாவின் அலவாங்கு, அந்தக் கனத்த கடப்பாரை, இறங்கிய வேகத்தில் அது சில்லுச் சில்லாகிப் போனது. பச்சை பூத்த செப்புக் காசுகள் மண்ணோடு சரிந்து கொட்டின. மாமா என் அம்மாவின் தம்பி. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கே பழைய ரோமக் காசு அகப்பட்டாலும் ஓடிப்போய்ப் படம் பிடித்து, எடை பார்த்து, கிடைத்த இடத்தை வரைந்து வைக்கிற என் பைத்தியம் அவருக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "பாப்பா, ஒன் ஆளுங்க வந்திருக்காங்க. வா."

மறுநாள் பதுளையிலிருந்து தெமோதரைத் தோட்டத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் இருந்தார்கள். மாமா வாசலில் உரச்சாக்கை விரித்துக் காசுகளைப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றைப் பல் தூரிகையால் மெல்லத் தட்டியதும் மண் உதிர்ந்து உருவம் வந்தது. ஒரு சிப்பாய் குதிரையிலிருந்து சரிகிறவனை ஈட்டியால் குத்துகிறான். சரிகிறவன் கையைத் தூக்கிக் கெஞ்சுகிறான். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேலாக அவன் விழுந்துகொண்டே இருக்கிறான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, இது ரோமச் சக்கரவர்த்தி காசு மாமா!"

கத்தியிருக்க வேண்டியதில்லை. மாமாவோடு சேர்ந்து கான் வெட்டுகிற கூட்டாளி பக்கத்தில்தான் நின்றான். லயத்தில் ஆட்டோ வைத்திருக்கிற ஒரே ஆள்.

"சக்கரவர்த்தி செம்பையா வச்சிருப்பான்? தங்கத்த எங்க மச்சான் வச்சிருக்க, அரிசிப் பானைக்குள்ளயா?" என்று சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "ஆமாடா, ஒங்க அக்காளுக்கு ஒட்டியாணம் செய்யக் குடுத்துட்டேன்."

நான் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முதல் வரிசையைப் படம் பிடித்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பானை உடைந்தபோது கூட்டாளி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தானாம். அவன் திரும்பி வருவதற்குள் மாமா என்னத்தை எடுத்து மறைத்தாரோ, யார் கண்டது? கேள்வி வாசலுக்கு வாசல் தாவியது. ஆட்கள் கூடினார்கள்.

"மறைக்கலன்னா சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லு."

லயத்துக்கு மேலே கவ்வாத்துசாமி கல் இருக்கிறது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கத்திகளை வைத்துக் கும்பிடுகிற கல். அதன்முன் யாரோ சூடத்தைக் குவித்துக் கொளுத்தினார்கள். மாமா ஓரடி வைத்தார். நின்றுவிட்டார்.

அத்தைக்கு நிறைமாதம். பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கையில் புருஷன் சேவல் அறுக்க மாட்டான், பாடை தூக்க மாட்டான், சூடம் அணைக்க மாட்டான். சத்தியத்தில் ஒரு சொல் பிசகினாலும் சாமி பிள்ளையிடம் கணக்குத் தீர்க்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"புள்ள பொறக்கட்டும்டா. முப்பதாம் நாள் தீட்டுக் கழிச்சு நானே வந்து அணைக்கிறேன்" என்றார் மாமா.

"உண்மைய சொல்றவனுக்கு என்னா பயம்?" என்றான் கூட்டாளி.

எனக்கு விடை தெரிந்திருந்தது. அதுதான் என்னைக் குதிக்க வைத்தது. பானைச் சில்லைத் தூக்கிப் பிடித்தேன். "இங்க பாருங்க, உள்பக்கம் வாய் வரைக்கும் பச்சை பிடிச்சிருக்கு. மேல வரைக்கும் செம்புக் காசுதான் நெறஞ்சிருந்திருக்கு. தங்கம் வைக்க எடமே இல்ல!"

கூட்டாளி சில்லை என் கையிலிருந்து பிடுங்கிக் கல்லில் ஓங்கி அடித்தான். பச்சை, சிவப்பு, எல்லாம் தூளாகியது. "படிச்ச புள்ள, நீ ஒதுங்கு."

அடுத்தது மாமாவுக்கு. மண்வெட்டிக் காம்பு தோளில் இறங்கிய சத்தம் காய்ந்த விறகு முறிகிற மாதிரி இருந்தது. அவர் மண்டியிட்டார். இன்னொருத்தன் விலாவில் உதைத்தான். நான் கூட்டாளியின் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். அவன் முழங்கை என் வாயில் பட்டு உப்புக் கரித்தது. கீழே வேறு சிலர் கானுக்குள் இறங்கி அலவாங்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பானை இருந்த இடம், ஒட்டியிருந்த மண், நான் இன்னும் வரையாத எல்லாம் கூடை கூடையாக மேலே பறந்தது. மாமா காதிலிருந்து ரத்தம் ஒழுகக் கையைத் தூக்கி, "தங்கம் இல்லடா, இல்லடா" என்றார். அந்தக் கை மேலேயும் ஓர் அடி விழுந்தது.

அத்தை வந்ததை யாரும் கவனிக்கவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி, கல்லுக்கு முன்னே சிரமப்பட்டு உட்கார்ந்தாள். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எல்லோரும் தட்டி அணைப்பதுபோல் அணைக்கவில்லை. வைத்து அமுக்கினாள். புகை விரலிடுக்கில் வந்தது. நாற்றமும் வந்தது.

"இந்த வயித்து மேல சத்தியம். தங்கம் இல்ல" என்றாள். "இப்ப அடிங்கடா பாப்போம்."

காம்பு கூட்டாளியின் கையிலிருந்து நழுவியது. கானில் தோண்டியவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். ஒருவரும் அத்தையின் வயிற்றைப் பார்க்கவில்லை. ஒரு கிழவி மட்டும் "ஐயோ, பாவி மக்கா" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

மாமாவால் எழ முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வேண்டும். இருந்தது அவன் ஆட்டோதான். கேட்காமலேயே எடுத்து வந்தான். வளைவுக்கு வளைவு, "மச்சான், தலைய சாச்சுக்க, குழி வருது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். அத்தை எரிகிற கையைக் காற்றுக்கு வெளியே நீட்டியபடி வந்தாள். என் மடியில் காசுப் பை கனத்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ், "என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"கான் வெட்டையில வழுக்கி விழுந்துட்டாருங்க" என்றான் கூட்டாளி சட்டென்று.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னே வந்து, கொப்புளம் எழும்பிய உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"அப்ப இது? இதுவும் கான்ல விழுந்துதான் வெந்துச்சா? சொல்லு தம்பி."

மிஸ் அவனைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். அவன் நடந்ததைச் சொல்ல வாயைத் திறக்கும்வரை அத்தை அந்தக் கையை இறக்கவில்லை.