இரண்டாவதாக ஓடியது

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். லிஃப்ட் வர எத்தனை நொடி, தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிடம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தனிக்கட்டைக்கு நேரத்தை அளப்பதும் ஒரு துணைதான். ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்வாள். நலம் விசாரித்துவிட்டு வைக்க நான்கு நிமிடம். அதையும் அளந்து வைத்திருக்கிறாள், பாவம்.

இயந்திர உதிரிப் பாகங்களின் பட்டியலைப் புத்தகப் பக்கங்களாக மாற்றும் கணினி நிரல் எழுதுவது அவள் வேலை. எக்ஸ்.எஸ்.எல்.டி என்ற மொழி. பிடிவாதக்கார மொழி, ஒரு பெயருக்கு ஒருமுறை ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால், பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. பதினெட்டாயிரம் பாகங்களின் எடையைக் கூட்ட வேண்டுமென்றால், நிரல் தன்னைத்தானே மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பாகத்தைக் கூட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த அழைப்பின் தலையில் தள்ளுவது அவள் வழி. பட்டியலைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக வெட்டிக்கொண்டே போவது எதிர் மேசைக்காரன் வழி. பிஸ்கட்டையும் அவன் அப்படித்தான் உடைப்பான். ஒரு பாதி அவளுக்கு வந்துவிடும். ஒன்பது வருடமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எதிரே இருந்த ஒரே முகம் அவனுடையது.

ஒரு நாள் மேலாளர், "ரெண்டுல எது வேகமோ அது மட்டும் போதும். அத எழுதினவங்க இங்க இருக்கட்டும், இன்னொருத்தர் வெளியூர்க் கிளைக்குப் போகணும்," என்றார். அளக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார். போட்டியாளரையே நடுவராக வைக்கும் புத்திசாலி அவர்.

அவள் அவனுடையதை முதலில் ஓட்டினாள், தன்னுடையதை அடுத்து. அவனுக்கு நாலு நொடி, அவளுக்கு மூன்று. கணினியை நிறுத்தி, மறுபடி கிளப்பி, அதே வரிசையில் இன்னும் இரண்டு முறை ஓட்டினாள். அதே கணக்குத்தான் வந்தது.

"அக்கா, வரிசைய மாத்தி ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன்," என்றான் அவன்.

"என் அளவுல தப்பு வராது, தம்பி." சட்டென்று சொல்லிவிட்டாள்.

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மாதக் கடைசியில் கிளம்பிப் போய்விட்டான்.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணினியைக் கிளப்பிய கையோடு, வேறு எதற்கோ தன் நிரலைத் தனியாக ஓட்டினாள். நாலரை நொடி! தூக்கிவாரிப்போட்டது. எது முதலில் ஓடினாலும் கணினி சோம்பல் முறித்து எழும் நேரம் முழுக்க அதன் கணக்கில்தான் விழும். வரிசையை மாற்றி ஓட்டினாள். இரண்டாவதாக ஓடிய அவனுடையது இரண்டரை நொடியில் முடிந்தது.

மேலாளரிடம் ஓடினாள். "அதான் நல்லா ஓடுதே, விடுங்க," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். அவள் விடவில்லை. அவனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நான்தான் தப்பா அளந்துட்டேன். உன்னோடதுதான் வேகம். எழுத்துல குடுத்துடறேன், நீ திரும்பி வந்துடுப்பா."

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. இப்ப வீடு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம் இங்கயே அமைஞ்சிருச்சு."

"அப்பவே அடிச்சுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனேக்கா. தோத்தது பெரிசா தெரியல. ஒன்பது வருஷம் பழகியும், நான் கேட்டதுக்காக ஒரு தடவ மாத்தி ஓட்டிப் பாக்கலையேன்னுதான் கஷ்டமா இருந்துச்சு."

"வைக்கட்டுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சரிபாதியாக உடைத்தாள். ஒரு பாதியைத் தின்றாள். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு மற்ற பாதியையும் அவளே தின்றாள்.