பர்லியார் போய்ச் சூடான ஜீப்

என்ஜின் ஆயில் வாசம் பட்டால் எனக்கு இன்றும் அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். குன்னூரில் எங்களுக்கு ஒரு பழைய ஜீப் இருந்தது. அதற்கு ஆயில் மாற்றும் நாளெல்லாம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாக்குவாதம்தான். என்ஜினைச் சூடாக்கினால்தான் ஆயில் இளகி அழுக்கோடு இறங்கும் என்பார் அப்பா. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் தானாக அடியில் வடிந்திருக்கும், சூடாக்குவதால் டீசல்தான் வீண் என்பார் சித்தப்பா. கழற்றி மாட்டுகிறவர் அவர் என்பதால் பெரும்பாலும் ஜெயிப்பதும் அவரே.

நான் சொல்லும் வருடம் அக்கா வீட்டில் இல்லை. தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு மலையடிவாரப் பக்கம் பர்லியாருக்குப் போய்விட்டாள். சாலையோரம் அவர்களுக்குப் பழக்கடை. அப்பா அவள் பேரையே எடுப்பதில்லை, எங்களையும் போகவிடவில்லை. நானும் அவளும் ஒரே கம்பளிக்குள் தூங்கியவர்கள். அவள் போன பிறகு அந்தக் கம்பளியில் எனக்குக் குளிர் விட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஸ்பேனரோடு வந்து நின்றார். "சூடாக்கிட்டு வந்தர்றேன்" என்று அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருவோம் என்றுதான் நினைத்தேன். ஜீப் மலையிறங்கி, பர்லியாரில் அக்கா கடைக்கு எதிரே நின்றது. அப்பா என்ஜினை அணைக்காமல், பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார்.

அக்கா சாலையைக் கடந்து வந்தாள். வயிறு முன்னே தள்ளியிருந்தது.

"வண்டிக்கு என்னாச்சுங்கப்பா?"

"ஒண்ணுமில்ல. ஆயில் மாத்தோணும். சூடு பண்ணீட்டு இருக்கறேன்."

"நல்லா சூடாகட்டுங்கப்பா."

அவ்வளவுதான் பேச்சு. நான் அவளை ஒட்டிக்கொண்டு, கவுனெல்லாம் கறையாக அவள் கடை மங்குஸ்தான் பழம் தின்றேன். குறையொன்றும் இல்லாத என்ஜினை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையேறி வீடு வந்ததும் சித்தப்பா போல்ட்டைக் கழற்றினார். கொதிக்கும் ஆயில் கையில் பட்டு அலறிவிட்டார். அம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"எங்கதாங்கண்ணா போயிட்டு வந்தீங்க?" என்றார் சித்தப்பா.

நான்தான் பர்லியார் என்றேன். அக்கா கொடுத்த பழப்பையையும் காட்டினேன். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா கையை ஊதிக்கொண்டே, சட்டிக்குள் இறங்கும் ஆயிலைப் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதானுங்கண்ணா, சூட்டுல நல்லாத்தான் எறங்குது. இனி மாசாமாசம் மாத்தீரலாம்" என்றார். வீண் செலவென்றால் வீட்டையே ரெண்டாக்கும் அம்மாவும் சரியென்று தலையாட்டினாள்.

கை வெந்த மனுஷன் ஏன் இப்படிச் சொல்கிறார், கெட்டுப்போகாத ஆயிலை மாதாமாதம் எதற்காகக் கொட்ட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவேயில்லை.