வெறும் மிக்ஸி

எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் சட்னி அரைக்கிறோம் என்று அர்த்தமில்லை. தங்கச்சி கத்துகிறாள் என்று அர்த்தம். முதல் கத்தல் கேட்டதுமே அம்மா அடுப்படிக்கு ஓடுவாள். ஜாருக்குள் ஒன்றும் போட மாட்டாள். வெறுமனே சுற்றவிட்டு, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை அங்கேயே நிற்பாள். சுவரைப் பார்த்தபடி நிற்பாள், எங்களைப் பார்க்க மாட்டாள்.

தங்கச்சி என்று சொல்கிறேனே தவிர, அவள் என் அம்மாவுக்கும் பிறக்கவில்லை, என் அப்பாவுக்கும் பிறக்கவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா மறுகல்யாணம் செய்துகொண்டவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரும் மனைவியை இழந்தவர். அவருடைய மகள்தான் இவள். எங்களிடம் வந்தபோது பால்வாடி முடித்திருந்தாள், இப்போது ஆறாம் வகுப்பு. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் நால்வரும் வாடகைக்கு இருக்கிறோம்.

தோசை பிய்ந்து விழுந்தால் கத்துவாள். மளிகைக் கடைக்கு என்று கிளம்பி, வழியில் மருந்துக் கடையில் நின்றால் கத்துவாள். தலையைச் சுவரில் மோதுவாள், கையில் அகப்பட்டதை எறிவாள், கிட்டே போனால் கடிப்பாள். ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு முறையான பயிற்சி இருக்கிறது, வாரம் தவறாமல் கூட்டி வாருங்கள் என்றார். அந்த ஒரு தடவையோடு சரி. தாயில்லாத ஏக்கம், வேறு ஒன்றுமில்லை என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். அம்மா மறுத்துப் பேசவில்லை.

அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். யாராவது 'சித்தி கொடுமை' என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் மிக்ஸி. பிள்ளை அலறுவது தெருவுக்குக் கேட்டால் சூடு போடுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அதனால் அவளை அதட்ட மாட்டாள், கையைப் பிடித்துக்கூட நிறுத்த மாட்டாள். அவளுடைய அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்தவர் பெற்ற பெண் என்று என்னை இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களுக்குள் சண்டை வந்தால் மட்டும் 'உன் பொண்ணு', 'உங்க பொண்ணு' என்று எங்களைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இருவரும் நல்ல பெயர் எடுப்பதிலேயே குறியாக இருந்ததால், அவளைப் பிடிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்னால் போகக் கூடாது. பின்னால் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் குறுக்காக மடக்கி, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு திமிறினாலும் விடக் கூடாது. காதோரம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல, அக்கா இருக்கேன்ல." அடங்குவதற்குள் என் முன்கையில் பல் இறங்கிவிடும். அதனால்தான் சித்திரை வெயிலிலும் எனக்கு முழுக்கைச் சுடிதார். காலேஜில் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். நானும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடங்கிய பிறகு அவள் என் மடியிலேயே தூங்கிப்போவாள். அப்போது பாவமாக இருக்கும். எழுந்திருக்க முடியாமல் கால் மரத்துப்போகும்போது வெறுப்பாகவும் இருக்கும். இரண்டும் உண்மைதான்.

கீழ்வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவை நிறுத்தி, "எந்நேரமும் மிக்ஸி ஓடுதே, அம்புட்டுச் சட்னியையும் யாரு திங்கிறது?" என்று கேட்டார். அம்மா வெலவெலத்துப்போனாள். அன்றிலிருந்து வாரத்தில் ஓரிரு நாள் நிஜமாகவே தேங்காய்ச் சட்னி அரைத்து ஒரு கிண்ணம் கீழே அனுப்புகிறாள். நல்ல சட்னி என்று பெயரும் வாங்கிவிட்டாள்.

போன மாதம் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. தங்க ஹாஸ்டலும் அவர்களே தருகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள், நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு, "நீ போயிட்டா இதை யாரு பிடிக்கிறது?" என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் பேரையூரிலிருந்து தங்கச்சியின் தாய்மாமன் வருவதாகப் போன் வந்தது. பிள்ளை சரியில்லை என்று ஏதோ பேச்சு அவர் காதுக்குப் போயிருக்கிறது. அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் பார்க்கட்டும், கூட்டிக்கொண்டு போகட்டும், நான் பெட்டி கட்டுகிறேன் என்று நினைத்தேன். அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை, பல மாதங்களுக்குப் பிறகு அரைக்கைச் சட்டை போட்டேன்.

அவர் ஒரு பை துவரம்பருப்போடு வந்தார். தங்கச்சியை மடியில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தபடியே அவள் கையைத் திருப்பிப் பார்த்தார், பாவாடையை முழங்கால்வரை ஒதுக்கிக் காலைப் பார்த்தார். சூட்டுத் தழும்பைத்தான் தேடுகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளும் அன்றைக்கென்று பூனைக்குட்டியாக உட்கார்ந்திருந்தாள். அம்மா மிக்ஸி இருக்கும் பக்கமாகவே நின்றாள்.

நான் போய் அவர் முன்னால் கையை நீட்டினேன். ஆறிய கடி, ஆறாத கடி எல்லாம் தெரிந்தது.

"இங்க பாருங்க மாமா. எனக்குக் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. நீங்க இவளைக் கூட்டிட்டுப் போனாத்தான் நான் போக முடியும்."

அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

"இம்புட்டையும் வாங்கிக்கிட்டு அது மேல ஒரு நகக்கீறல் படாம வச்சிருக்கியே தாயி. எங்க அக்கா உசுரோட இருந்தாக்கூட ரெண்டு அடி வச்சிருக்கும். நான் கூட்டிட்டுப் போனா எங்க வீட்ல ஒரு நாள் தாங்காது. உன்னைய நம்பித்தான் ஊருக்குப் போறேன்."

வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. காபி குடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவரை பஸ் ஏற்றிவிட ஆட்டோவை எடுத்தார் இவர். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "நல்லவேளை, தப்பா எதுவும் நினைக்கல" என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கழுவப் பின்பக்கம் போனாள்.

நான் அடுப்படிக்குப் போய் வெறும் ஜாரை மாட்டி மிக்ஸியைப் போட்டேன். அது ஓட ஆரம்பித்த பிறகுதான் அழுதேன். வாய்விட்டு, கத்தி அழுதேன். கீழ்வீட்டு அக்காவுக்குச் சட்னி ஞாபகம் வந்திருக்கும்.

பின்னால் யாரோ வந்தது தெரிந்தது. என் இரண்டு கைகளையும் இழுத்துக் குறுக்காக மடக்கி, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள் தங்கச்சி. அவள் முகம் என் முதுகில் பதிந்திருந்தது.

"ஒண்ணுமில்லக்கா, நான் இருக்கேன்ல" என்றாள்.

கையை உருவிப் பார்த்தேன். நான் பழக்கிய பிடி. அவள் விடவில்லை.