ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கறி

என் கண்மணிகளே, நேற்றுச் சாப்பிடும்போது நீங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்க்காமல் இல்லை. முந்தாநாள் என் தட்டில் ஏழு ஆப்பம் இருந்தது. நேற்று ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு சுட்ட கருவாடும்தான். "அப்பாவுக்கு அடிக்கடி சம்பளப் பிடித்தம் போலிருக்கு" என்று சின்னவன் சொன்னதும் காதில் விழுந்தது. சம்பளப் பிடித்தம் எதுவும் இல்லை. உங்கள் அம்மாவின் ஏற்பாடு அது. அது எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவள் அப்போது அம்மா வயிற்றில் ஐந்து மாதம். நான் கடற்கரைக் கிடங்கில் நிறுவைக் கிராணி, அதாவது எடை எழுதும் கணக்கர். கொட்டைப்பாக்கும் கொப்பரையும் மூட்டை மூட்டையாகத் தோணியில் வந்து இறங்கும். ஒவ்வொரு மூட்டையையும் மேடைத் தராசில் ஏற்றி, எடை எத்தனை கட்டி என்று பார்த்து எழுதுவது என் வேலை. நூறு கட்டி சேர்ந்தால் ஒரு பிக்குல். சரக்கு நனைந்திருக்கிறதா என்று பார்க்க நானே தோணிக்கும் போக வேண்டும். கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருப்பார்கள். கல்யாணமான இரண்டு வருடத்தில் நான் எப்படி ஆனேன் என்பது எனக்குத் தெரியவில்லை. பலகைக்குத் தெரிந்திருக்கிறது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், பலகையின் நடுவில் நான் நிற்கும்போது அது "டப்" என்றது. நல்ல வேளை, கடல் வற்றியிருந்த நேரம். கெட்ட வேளையும் அதுதான். தண்ணீருக்குப் பதில் சேறு. இடுப்பு வரைக்கும் இறங்கி அப்படியே நின்றுவிட்டேன், நட்டு வைத்த மரம் மாதிரி. கையில் பேனா இருந்தது. மைக்கூட்டைக் காணோம்.

மூட்டைக்காரர்களின் தலைவரைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் ஜெலுத்தோங்கிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிற மனிதர். குரல் மட்டும் கப்பல் சங்கு. அவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கிராணியாரே, ஏறுறீங்களா, இல்ல அங்கியே கணக்கு எழுதப்போறீங்களா?"

"கை குடுய்யா!"

"கை குடுத்தா நானும்ல வருவேன். டேய், கப்பிய இறக்குங்கடா!"

மூட்டை தூக்குகிற கப்பிக் கயிற்றை இறக்கி, என் அக்குளில் மாட்டி, ஆறு பேர் "ஏலேலோ" போட்டு இழுத்தார்கள். செருப்பு சேற்றோடு போய்விட்டது. அந்தரத்தில் சுற்றிக்கொண்டே நான் மேலே வரும்போது, மாடி சன்னலில் எங்கள் வெள்ளைக்காரத் துரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் மலாய்தான் பேசுவார். இறங்கி வந்தவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தராசைக் கம்பால் காட்டினார். ஏறினேன். தண்டல் கம்பியில் குண்டை நகர்த்தி, மூட்டைக்குப் பாடுகிற அதே ராகத்தில் பாடினார்: "ஒரு பிக்குல் ஐம்பத்திரண்டே...!"

துரை சொன்னது இவ்வளவுதான்: சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குக் கிடங்கு மூடுவதற்கு முன் ஒரு பிக்குல் முப்பத்தைந்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் கெடாவில் ஆற்றோரம் இருக்கிற கிடங்குக்கு மாற்றல். அங்கே தோணிக்குப் போக வேண்டியதில்லை. மரத்தடியில் உட்கார்ந்தே நிறுக்கலாம்.

வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அம்மா அழவில்லை.

"அங்க யாரு இருக்கா? அட்டப்பூச்சியும் மலேரியாவுந்தான் இருக்கு. பிள்ளை பெத்துக்க எனக்கு நம்ம சந்து மருத்துவச்சி வேணும். நான் வரமாட்டேன்."

"அப்ப நான்?"

"நீங்க போங்க. பிள்ளை பிறந்தா கடுதாசி போடுறேன். எத்தன கட்டின்னு எழுதியே போடுறேன்."

நான் அன்று இரவு சோறு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அளவு தொடங்கியது. எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பால் டின்னில். எனக்கு நாளைக்கு இரண்டு டின் வழக்கம். அது ஒன்றாயிற்று. தேங்காய்ப்பால் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் கிடங்கை மூடும் முன் தராசில் ஏறுவேன். தண்டல் ராகம் போட்டு எடையைச் சொல்வார். மூட்டைக்காரர்கள் தூணில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்கள். ஐந்து சனிக்கிழமையில் ஐம்பத்திரண்டு நாற்பத்து மூன்றாக இறங்கியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தண்டல் என் தோளைத் தட்டி, "இந்த வேகத்துல போனா தைப்பூசத்துக்குக் காத்துல பறப்பீங்க, ஒரு கல்ல கட்டிக்கங்க" என்றார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். வழியில் குண்டான மனிதர்களைப் பார்த்தால் புத்தி சொல்லத் தோன்றியது.

ஆறாம் சனிக்கிழமை நாற்பத்து மூன்று. ஏழாம் சனிக்கிழமை நாற்பத்து மூன்று.

தராசின் மேல் சந்தேகம் வந்தது. முத்திரை போட்ட படிக்கல்லைப் போட்டுப் பார்த்தேன். தராசு யோக்கியமாக இருந்தது. அளவை அரை டின்னாகக் குறைத்தேன். எட்டாம் சனிக்கிழமையும் நாற்பத்து மூன்று. பகலிலேயே தூக்கம் தூக்கமாக வந்தது. அந்த வெயிலிலும் கை குளிர்ந்தது. கொப்பரை மூட்டையைப் பாக்கு என்று எழுதினேன். ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை கத்தினேன். ஒன்பதாம் சனிக்கிழமை தண்டல் ராகம்கூடப் போடவில்லை. "அதேதான்" என்று மெல்லச் சொன்னார், துக்க வீட்டில் பேசுகிற மாதிரி.

உங்கள் அம்மாவுக்கு இதற்கு ஒரே விளக்கம்தான் தெரிந்தது.

"எந்தக் கடையில திங்கறீங்க?"

"சத்தியமா இல்ல."

"ரெண்டு வாரமா நான் அரை டின்னுதான் போடுறேன். உடம்பு எங்கேருந்து வருது? காத்தக் குடிச்சா?"

சொல்லிவிட்டு நிற்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு விடுவிடு என்று தெருமுனைக்குப் போனாள். அங்கே தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியும் தொங்கவிட்டு விற்கிற கண்டார்க்காரர் ஒருவர் தினமும் உட்காருவார். நான் அவர் பழைய வாடிக்கை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. இவரு உங்ககிட்ட வர்றாரா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மனம் நொந்தவர் மாதிரிச் சொன்னார்:

"நீயே கேளு தங்கச்சி. ரெண்டு மாசமாச்சு, என் பக்கம் திரும்பினாரா? மூக்கப் பொத்திக்கிட்டுல போறாரு. கறியில என்ன குத்தம்னு நானும் தினம் யோசிக்கிறேன். பத்தாததுக்கு என் மத்த ஆளுங்ககிட்ட, கம்மியா தின்னுங்கன்னு உபதேசம் வேற! நீ இவர வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டு லா, என் யாவாரம் பொழைக்கும்."

அம்மா திரும்பி நடந்தாள். பாதி வழியில், "சரி, பொய் சொல்லல" என்றாள். அவளிடமிருந்து மன்னிப்பு என்று நான் வாங்கியது இந்த மூன்று சொல்தான். அதற்கும் நான் கண்டார்க்காரருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெலுத்தோங்கில் தண்டல் மகளுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியுமா? போனால் சாப்பிடாமல் எழ முடியுமா? நான் இலையில் கையை மூடி வைத்துக்கொண்டு "போதும் போதும்" என்றேன். தண்டல் சம்சாரம் என் கைமேலேயே சோற்றைப் போட்டுவிட்டார். சூடு தாங்காமல் கையை எடுத்தேன். அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. ஆட்டுக்கறி மூன்று முறை வந்தது. நான் இரண்டு முறைதான் கேட்டேன். பாயசத்தைப் பற்றி எழுதவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. கெடாவின் அட்டைப் பூச்சிகள் வரிசையில் வந்தன. குற்ற உணர்ச்சியில் திங்களும் செவ்வாயும் வெறும் கஞ்சி. புதன் ஒரு டின் சோறு, உங்கள் அம்மா வற்புறுத்தியதால். வெள்ளி அவளோடு சேர்ந்து விரதம். சனிக்கிழமை தராசில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

"ஒரு பிக்குல் நாப்பத்தொண்ணரையே...!"

ராகம் கிடங்கு முழுக்கக் கேட்டது. நான் தராசை மறுபடி சோதித்தேன். படிக்கல்லும் தராசும் ஒத்துப் போயின. தண்டல், "என் வீட்டுக் கறி அப்பேர்ப்பட்டது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாக்கி இருந்த மகள்களுக்கும் உடனே காது குத்தலாமா என்று கேட்டார்.

ஆனால் உங்கள் அம்மாதான் யோசித்தாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தினம் அரை டின்னுதான் வரும்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்குள்ளயே குடும்பம் நடத்தக் கத்துக்கிச்சு. என்னைய மாதிரி."

"அதுக்கு?"

"இனிமே என்னைக்கு என்ன வரும்னு அதுக்குத் தெரியக்கூடாது. வாரத்துக்கு ஆறு டின்னு இந்தப் பானையில போட்டு வெப்பேன். அதுக்கு மேல ஒரு பிடி கிடையாது. என்னைக்கு எவ்வளவுன்னு நான் பாத்துக்கறேன். நீங்க கேக்கக்கூடாது."

"எனக்காவது சொல்லலாமே?"

"உங்களுக்குத் தெரிஞ்சா உங்க உடம்புக்குத் தெரியாதா?"

பால் டின்னை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அன்றிலிருந்து என் சாப்பாட்டு அடுக்குப் பாத்திரம் கிடங்கில் பெரிய வேடிக்கை ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு மூட்டைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து, பீடி வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். "கஞ்சி!" "இல்லடா, கறி!" நான் மூடியைத் திறக்கும்போது ஒரு பக்கம் கைதட்டும், ஒரு பக்கம் என் சம்சாரத்தைத் திட்டும். ஒருநாள் மூன்று அடுக்கிலும் சோறு, மீன் குழம்பு, முட்டை. மறுநாள் முதல் அடுக்கில் கஞ்சி, இரண்டாவதில் ஊறுகாய், மூன்றாவதில் ஒன்றுமில்லை. "கிராணியாரே, அது காத்து, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்றார் தண்டல். ஆனால் தூக்கம் போயிற்று, கை சூடாயிற்று, பாக்கைப் பாக்கு என்றே எழுதினேன். தூணில் கோடுகள் இறங்கின. நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தேழரை. முப்பத்தாறு.

கடைசிச் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை சீனப் பெருநாள். வழக்கமாக நான் எல்லா வேலையும் முடித்து, மத்தியானம்தான் எடை பார்ப்பேன். அன்று பத்து மணிக்கே, வேலை நடக்கும்போதே, துரை இறங்கி வந்துவிட்டார். கம்பால் தராசைக் காட்டினார். மூட்டைக்காரர்கள் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். நான் ஏறினேன். கண் கம்பியில் இருந்தது. தண்டல் குண்டை நகர்த்தினார்.

"ஒரு பிக்குல் முப்பத்து மூணே...!"

ஒரு வாரத்தில் மூன்று கட்டியா? எனக்கு அது பிடிபடவில்லை. பிள்ளைகளே, ஆறு வருடம் நான் செய்த வேலை என்ன? நிறுவையில் எவன் விரல் வைக்கிறான், எவன் கால் கொடுக்கிறான் என்று பார்ப்பதுதான். தராசு மேடை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நிற்பதை என் உள்ளங்கால் கண்டுபிடித்தது. மூளை யோசிப்பதற்குள் வாய் கத்திவிட்டது:

"எவண்டா அது? கால எடு!"

மேடைக்கு அடியிலிருந்து தண்டலின் கால் கட்டைவிரல் வெளியே வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கம்பி ஏறியது. குண்டை நகர்த்தினார். பாட்டில்லை.

"முப்பத்தாறு... கால்."

"பெராப்பா?" என்றார் துரை. எவ்வளவு என்று கேட்கிறார். நானே சொன்னேன். சொல்லும்போது மருத்துவச்சி வீட்டு வாசல் கண்ணில் வந்து நின்றது. துரை முடியாது என்று தலையை ஆட்டினார். திரும்பி இரண்டு படி ஏறியும் விட்டார்.

தண்டல் துரையைக் கூப்பிட்டு மறுபடி சங்கு ஊதினார்: "துவான்! கோணி கழிக்கல!"

எந்த மூட்டையானாலும் கோணியின் எடையைக் கழித்துத்தான் சரக்கின் எடையைச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். தண்டல் என் இடுப்பைக் காட்டினார். கிடங்கின் சாவிக் கொத்து. பெரிய இரும்புச் சாவிகள் பதினொன்று, முன்வாசல் பூட்டும் அதிலேயே தொங்கியது. சனிக்கிழமை எடைக்கு முன் எப்போதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். ஆறு வருடத்தில் ஒரு மூட்டைக்குக்கூடக் கோணி கழிக்க மறந்ததில்லை. என்னுடையதை மறந்துவிட்டேன்.

கழற்றித் தண்டலிடம் கொடுத்தேன். அவர், துரை பார்க்கட்டும் என்று, தன் இரண்டு காலையும் தராசைவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் குண்டை நகர்த்தினார். பாதி விழுந்துவிடுகிற மாதிரி நின்றார்.

"ஒரு பிக்குல் முப்பத்து நாலே முக்காலே...!"

துரை கம்பியைக் குனிந்து பார்த்தார். "போலே" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். போகும்போது சாவிக் கொத்தை ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கிடங்கில் நடந்த கூத்தை எழுதினால் நீங்கள் தண்டல் மாமாவிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொள்வீர்கள். மத்தியானம் எல்லோரும் போனார்கள். நான் மட்டும் பூட்டுவதற்கு நின்றேன். அப்போதுதான் அடுக்குப் பாத்திரம் ஞாபகம் வந்தது. திறந்தேன். மூன்று அடுக்கும் நிறைந்திருந்தது. நெய்ச்சோறு, கோழிக்கறி, அடியில் கேசரி. ஜெயித்தாலும் தோற்றாலும் சாப்பிடட்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

மூட்டைமேல் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். கை கழுவினேன். வாசலில் யாரும் இல்லை என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். சாவிக் கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுத் தராசில் ஏறி, நானே குண்டை நகர்த்தினேன். முப்பத்தாறு. குண்டைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். கிடங்கைப் பூட்டினேன்.